எண்பத்தைந்து மில்லிமீட்டர்

வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரை
மூன்று லென்ஸுகள் வாடகைக்கு.
ஒண்டினா என்ற என் பெயரைக் கடைக்காரர் ரசீதில்
ஒண்டா என்று எழுதிவிட்டார்.
குட்டி அலை பெரிய அலையானது. திருத்தவில்லை.

ஒன்று புள்ளி இரண்டு: கையிலெடுத்ததும்
மணிக்கட்டு தன் வயதைச் சொன்னது.
ஒன்று புள்ளி நான்கு: முன்பு யாரிடமோ இருந்தது,
ரப்பர் வளையத்தில் அவர் கட்டைவிரலின் வழவழப்பு.
ஒன்று புள்ளி எட்டு: பிளாஸ்டிக், புதுசு,
மற்ற இரண்டின் பக்கத்தில் வைத்தால் பொம்மை.

செங்கல் சுவரைப் படமெடுத்துக்
கூர்மை பார்ப்பவர்கள் உண்டு.
எந்தச் செங்கல்லும் தன் கல்யாணத்துக்கு
என்னைக் கூப்பிட்டதில்லை.
முகம் வேண்டும்.

மூன்றாம் மாடியில் லிவியோவின் கதவைத் தட்டினேன்.
பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவன்,
பிறவியிலேயே பார்வை கிடையாது.
"ஒப்பிட்டுப் பார்க்கணுமா?
என் பிழைப்பே அதுதானே"
சட்டை மாற்றிக்கொண்டு இறங்கி வந்தான்.

வெளியே போரா,
ட்ரியெஸ்டே நகரத்தையே கடலுக்குள்
தள்ளிவிடப் பார்க்கும் காற்று.
ஜன்னலை இறுக்கிச் சாத்தி
இடுக்கில் துண்டைச் செருகினேன்.
மோட்டார் சத்தத்தையும் அளக்க வேண்டுமே.

முதலில் பெரியது.
கேமரா அவன் கண்ணைத் தேடியது.
மூடிய இமைகளில் எதுவும் பிடிபடாமல்
முன்னும் பின்னும் அலைந்து
கடைசியில் சுவரில் மாட்டியிருந்த என் அத்தையின் படத்தில்
ஒரு கண்ணைக் கண்டுபிடித்து நிம்மதியானது.
கையால் திருகினேன்.
இமைமுடி ஒவ்வொன்றும்
எண்ணிக்கொள் என்று நின்றது.
காது வெண்ணெயாய் உருகிவிட்டிருந்தது.

அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தேன்.
கூர்மைதான்,
ஆளைத் தவறாகப் படித்த கூர்மை.
காதுக்கு நகர்த்தினேன்.
மடலின் விளிம்பு, அதில் ஒற்றை நரைமுடி,
எப்போதோ கம்பி அறுந்து தெறித்த தழும்பு.
கண்ணும் மூக்கும் பனிமூட்டத்துக்குள் போயின.
இப்போது லிவியோ.

பழைய லென்ஸின் மோட்டார்
கரகரவென்று ஓடி டக்கென்று நின்றது.
கல்யாண வீடியோவில், பாதிரியார் பேசும்போது,
பீடத்தடியில் எலி ஓடுவதாகத்தான் நினைப்பார்கள்.
லிவியோ தலையைச் சாய்த்தான்.
"சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கு.
ஆனா நல்லவன்.
நான் கிடைச்சிட்டேன்னு சொல்றான்."

பிறகு பொம்மை.
சத்தமே இல்லை.
கூர்மை போதும்,
சட்டைப் பையில் அவன் செருகியிருந்த இசைக்கவையின் ஓரத்தில்
ஊதாக் கோடு ஒன்று, அவ்வளவுதான் குறை.
ஏழு படம், எட்டுப் படம்.
"ஒண்டினா," என்றான், "இருக்கியா?"

இருட்டியதும் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தேன்.
பின்னால் துறைமுக விளக்குகள்.
பெரியதில் அவை முழுநிலாக்கள்,
பழையதில் ஓரத்துக்குப் போகப் போக எலுமிச்சைகள்,
பொம்மையில் வெங்காயம் நறுக்கினாற்போல்
வட்டத்துக்குள் வட்டம்.

"மங்கல்னா எப்படி இருக்கும்?"
மூன்று வாக்கியம் சொன்னேன். மூன்றும் தப்பு.
பிறகு அவனே,
"பெடல்லேர்ந்து காலை எடுக்க மறந்தாப்லயா?"
ஆமாம்.
"அப்ப அதிகமாப் போட்டா கெட்டுடும்."
ஒன்று புள்ளி இரண்டின் விலைச்சீட்டைத்
திருப்பிப் போட்டு மூடினேன்.

திங்களன்று பொம்மையை வாங்கினேன்.
கல்யாணங்களுக்கு மௌனம் வேண்டும்,
எனக்கு வீட்டு வாடகை கட்ட வேண்டும்.
திருப்பிக் கொடுக்கும் முன் பழையதைக்
கடையின் கதவைப் பார்த்து ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டேன்.
கடைக்காரர், "ரிப்பேரா?" என்றார்.

இப்போதும் எப்போதாவது லிவியோ வந்து உட்காருவான்.
ஃபோகஸ் அவன் காதில் போய் நின்றதும்
நாக்கை மேலண்ணத்தில் தட்டி
டக் என்கிறேன்.

"சுருதி சரியில்ல," என்கிறான்,
அசையாமல்.