வாசல்காரன் பெயர்

ஞாயிறு இரவு எட்டரைக்கு மேல்
சிம்மக்கல் பிளெக்ஸ் கடையின் ஷட்டரை
முக்கால்வாசி இறக்கி
மெஷினை அணைத்ததும்
நான் மழை பெய்யவைப்பேன்.

வீணாய்ப்போன பேனரைக் கவிழ்த்துப் போட்டால்
பின்புறம் வெள்ளை.
அதுதான் எங்கள் நாடு.
நீல மார்க்கரில் ஓர் ஆறு,
அதிலாவது தண்ணீர் ஓடட்டும் என்று
கரை தாண்டி வரைந்திருக்கிறேன்.
மிஞ்சிய காதணிவிழாப் பத்திரிகைகள் மூன்றை
நிமிர்த்தி வைத்தால் என் மறைப்பு.
அதன் பின்னே நானே ஓநாய்,
நானே சத்திரக்காரி,
நானே சுங்கம் கேட்பவன்.

எஸ்தர்
பெரியாஸ்பத்திரியில் நைட் டூட்டி இல்லாத வாரம் வருவாள்.
வாள் எடுப்பாள். மருந்துப் பை வேண்டாம் என்பாள்.
நிஸ்தார் ஏசி மெக்கானிக்,
இருபது முகப் பகடையை டபராவில் உருட்டி
தெருவுக்கே கேட்கவைப்பான்.
பவுன்ராஜுக்குக் குழுக்கடன் வசூல்.
ஆறு நாள் வாசல் வாசலாகத் தவணை கேட்கிறவன்
ஏழாம் நாள்
எந்தக் கதவையும் தட்டமாட்டான்.
"ஆள் வரட்டும் மாஸ்டர். நிப்போம்."

மூன்று வாரம் உட்கார்ந்து எழுதியிருந்தேன்,
யானைமலை போல் படுத்த மலைக்கு அடியில்
உறங்கும் ராஜாவை.
அவனுக்கு ஏழு கனவு,
கனவுக்கொரு சாவி,
நாற்பது பக்க நோட்டு.

மலைவாசலுக்கு வந்தார்கள்.
நின்றார்கள்.
பவுன்ராஜ் காவலாளியைக் கேட்டான்:
"அண்ணே, உங்க பேரென்ன?"

நோட்டில் இல்லை.
நோட்டில் அவன் வெறும் 'காவலன் 2'.
குனிந்தேன்.
நாட்டின் மடங்கிய ஓரத்தில்
பேனரின் முன்பக்கம் தெரிந்தது:
கண்ணீர் அஞ்சலி, மாயழ.
கடைசி எழுத்தை வெட்டும்போது
ஓரத்தோடு விட்டதால்
விலைபோகாத பேனர் அது.

"மாயழ" என்றேன்.
"அதென்ன, பேரு பாதியில நிக்குது?" எஸ்தர்.
நான் யோசிக்கவில்லை, வாய் சொன்னது:
"கடைசி எழுத்தைக் களவாண்டுட்டாங்க.
அது இல்லாம வீட்டுக்குப் போனா
கதவு திறக்கமாட்டாங்க."

அவ்வளவுதான்.
ராஜா போனான்.

ஒன்பது வாரமாக எழுத்தைத் தேடுகிறார்கள்.
உப்புச்சந்தையில் 'ழு' ஒன்றை
அதுதான் என்று விற்றவளிடம் ஏமாந்தார்கள்.
சமணர் குகை ஒன்றில்
குளிர்ந்த கல்லின் மேல் எழுத்துகள் உறங்கக் கண்டு
எழுப்பாமல் திரும்பினார்கள்.
நிஸ்தார் ஒன்று போட்டான், பாலம் உடைந்தது,
கோவேறு கழுதையும் மூன்று நாள் சோறும் ஆற்றோடு.
சாவிகள் ஏழும் எங்கே என்று
ஒருத்தரும் கேட்கவில்லை.
கொஞ்சம் வலித்தது,
சொல்லாமல் என்ன.

ஒருநாள் மறைப்புக்குப் பின்னே
கூளியின் பகடை இருபது காட்டியது.
எஸ்தரின் வாள்காரி செத்தாக வேண்டும்.
அந்த வாரம் வார்டில் பதினேழு வயசுப் பையன் ஒருவனை
அவள் கையில் விட்டிருந்தாள்.
"பதினொண்ணு. தப்பிச்சே" என்றேன்.
அவள் பத்திரிகைகளைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
பரோட்டாப் பொட்டலத்தின் நூலை
பல்லால் கடித்து அறுத்தாள்.
அன்றிலிருந்து
அவள் எதிரே உட்காரும்போது மட்டும்
பகடையை வெளியே உருட்டுகிறேன்.

நேற்று, திங்கட்கிழமை,
கடைக்கு ஒரு பையன் வந்தான்.
முதலாண்டு நினைவஞ்சலி, ஆறுக்கு நாலு.
"போன தடவை மாதிரி எங்கப்பா பேரை
முழுங்கிறாதீங்க."
மா, ய, ழ
அடித்துவிட்டு விரல் நின்றது.
'கு' விசைப்பலகையிலேயே இருந்தது,
எங்கும் போகாமல்.

"அப்பா என்ன வேலை பாத்தாங்க?"
"தல்லாகுளத்துல தள்ளுவண்டி. இஸ்திரி."

வாசல்காரனாக இருந்திருப்பார் என்று
எதற்காக நினைத்தேனோ.

ஞாயிறுக்கு இன்னும் ஐந்து நாள்.
எழுத்து கிடைத்துவிட்டது என்று சொல்லப்போவதில்லை.
அவர்கள் மறுபடி மலைவாசலுக்கு வரும்போது
காவலாளியிடம் லேசாகக் கரிநெருப்பு வாசம் அடிக்கும்.
ஏன் என்று கேட்டால்
பகடையைப் போடச் சொல்வேன்.
மற்றபடி எல்லாம் அப்படியே,
அதே துருப்பிடித்த ஈட்டி, அதே பாதிப் பெயர்.
சட்டையில் மட்டும்
ஒரு சுருக்கம் இருக்காது.