உப்பில்லாத பிஸ்கட்

புளியரை செக்போஸ்ட்டில்
கோழி லாரிச் சக்கரங்களுக்கு
மருந்தடித்துவிட்டு வருகிறேன்.
வாசலில் குட்டன்
கொட்டாவி விடுகிறான்:
மூடி திறந்த சாளைக் கூடை.

கேரளா லாரியிலிருந்து குதித்தவன்.
"உட்காரு" என்றால் நிற்பான்,
"இரிக்கெடா" என்றால்தான் உட்காருவான்.
கடைவாய்ப் பல்லில் மஞ்சள் காரை.
சுரண்டியாக வேண்டும், தென்காசிக்குக் கூட்டி வா
என்றார் மாட்டு டாக்டர்.
சம்பளம் வரட்டும். அதுவரைக்கும் இது:

கம்பு மாவு, ஒரு முட்டை,
கைப்பிடி புதினா, கொஞ்சம் மல்லித்தழை,
தேங்காயெண்ணெய். உப்பு கிடையாது.
டப்பா மூடியால் வட்டம் வெட்டி
பழைய குக்கரில் மணல் பரப்பி,
கேஸ்கட் போடாமல்
சிறுதீயில் முக்கால் மணி நேரம்.

குட்டன் முகர்ந்தான்.
தும்மினான்.
துவைகல்லுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை
ஆரியங்காவு மரக்கடையிலிருந்து வந்த குத்தாலிங்கம்
எட்டு பிஸ்கட்டைக்
கட்டஞ்சாயாவில் தொட்டுத் தின்றார்.
"உப்புத்தான் பத்தல."

இருபது வருசத்துப் பீடி வாய்.
அன்றிரவு என் காதருகே
புதினா.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
விடிந்ததும் இன்னும் இரண்டு கட்டு வாங்கினேன்.
நான் ஆய்வதை
வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்
குட்டன்.