ஒன்பது மா நாடு

கும்பகோணம் பெரிய கடைத்தெருவில்
எண்ணூற்றைம்பது சொல்லி அறுநூற்றுக்குத் தந்தான்
நீல நைலான் கவுன்.
முதுகில் ஜிப் ஏறவில்லை.
மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள்
தியாஷினி, ஆறு வயதில்.
யார் சொல்லிக்கொடுத்த மூச்சு அது?
ஊக்கு இரண்டு குத்தி அனுப்பினேன்.

டிவியில் அவள் இளவரசிக்கு
இடுப்பைவிடக் கண் பெரிது.
ஓடினாலும் அழுதாலும் கலையாத முடி,
வெயிலே அறியாத தோல்.
இவள் என் நிறம்.
பவுடர் டப்பா ஒரே வாரத்தில் பாதியானபோது
கதை எங்கே போகிறதென்று புரிந்தது.
பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன்.
மறுநாள் கோதுமை மாவைப் பூசிக்கொண்டு வந்தாள்.

அந்தப் பெண்ணுக்கு டப்பிங்கில் செந்தமிழ்.
இவளுக்கும் தொற்றிக்கொண்டது.
"தாயே, இந்த இட்லியை நான் ஏற்க மாட்டேன்."
பக்கத்து வீட்டு ரஹ்மத்தக்கா
சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
பால்காரரை மறித்து,
"தாங்கள் எந்த நாட்டவர்?"
"ஆலங்குடி" என்றார் அவர்,
சைக்கிளை விட்டு இறங்காமல்.

ஐப்பசி. குடமுருட்டியில் படித்துறை முழுகியிருந்தது.
மதியழகன் அண்ணன் நனைந்து வந்தார்,
கையிலிருந்த பிளாஸ்டிக் உறை மட்டும் நனையவில்லை.
அப்பா விட்டுப்போன ஒன்பது மா,
வாய்க்கால் தலைமாட்டு நிலம்,
கோடையிலும் உளுந்துக்கு ஈரம் வைத்திருக்கும் மண்.
விடுதலைப் பத்திரம் என்று அதற்குப் பெயர்.
யாருக்கு விடுதலை என்று
அத்தைகள் கேட்கவில்லை, அக்கா கேட்கவில்லை,
அம்மா போன மாதமே போட்டுவிட்டாள்.
"நாளைக்குப் பத்தரைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ், சுகந்தி.
ஆதார் கார்டை மறந்துடாத."
நான் காபிக்குப் பால் வைத்தேன்.

கவுன் சரசரத்தது.
விளிம்பெல்லாம் சேறு, ஓர் ஊக்கு அவிழ்ந்து தொங்க.
"மாமா, தங்கள் கையில் என்ன ஓலை?"
அண்ணனுக்குச் சிரிப்பு.
"தாத்தாவோட நெலம்டா தங்கம்."
"அரசர் இறந்துவிட்டாரா?"
"ஆமா, ரெண்டு வருசமாச்சு."
"அப்படியானால் நாடு இளவரசிக்கு அல்லவா?"
"எந்த இளவரசிக்கு?"
விரலை நீட்டினாள்.
நைட்டிமேல் துண்டு,
கையில் இடுக்கியோடு
அடுப்படியில் நான்.

பால் பொங்கியது.
யாரும் அணைக்கவில்லை.

அவளுக்கு என்ன தெரியும்?
கதையின் முடிவில் மகுடம் சூட்டுவார்கள்,
அதற்குமுன் ஒரு வெள்ளைக் குதிரை வரும்,
குதிரை வந்தால் போதும் அவளுக்கு.
சட்டம் தெரிந்தவள் நான்தான்.
வலங்கைமான் இ-சேவை மையத்தில்
பதினோரு வருடமாக
அடுத்தவர் பட்டாவுக்கு மனு தட்டுகிறேன்.
பெண்ணுக்குப் பங்குண்டு என்று
வருகிற பெண்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன்.
தெரிந்துதான் காலையிலிருந்து
எழுதுகிற பேனாவாகத் தேடி வைத்திருந்தேன்.

"படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேண்ணே."
செந்தமிழ் இல்லை.
நடுவில் எச்சில் விழுங்கினேன்.
வாக்கியம் எப்படியோ கடைசிவரை போய்விட்டது.

காபி குடிக்காமல் எழுந்தார் அண்ணன்.
பொங்கலுக்குக் கரும்பு வருமா தெரியாது.
"பொறந்த வீட்டு வாசலை நீயே அடைச்சுக்கிட்டியேடி"
என்று இரவு போனில் அம்மா அழுதாள்.
நானும் அழுதேன், என் முடி கலைந்தது.

உறை இன்னும் டிவி ஸ்டாண்டில் கிடக்கிறது.
அதற்கு மேலே
இடுப்பில்லாத பெண் பாடிக்கொண்டிருக்கிறாள்.
எனக்கு அவளை இன்றைக்கும் பிடிக்கவில்லை.
பவுடர் பீரோவுக்குள்ளேயேதான்.
ஞாயிற்றுக்கிழமை
கவுனின் பக்கத்தையலை இரண்டு அங்குலம் பிரித்து
பழைய பாவாடையில் ஒட்டுக் கொடுத்துத் தைத்தேன்.
நீலத்தோடு சேராத பச்சை.
போட்டுப் பார்த்தாள்,
மூச்சை முழுக்க விட்டாள்,
"குதிரை எப்போது வரும், தாயே?" என்றாள்.