அட்டை கடித்தால்

பெரட்டுக் களத்தில் எனக்குக் கிடைப்பது
பதினைந்து நிமிடம்.
கணக்கப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே நிற்பார்.
கூடைகள் முதுகில் ஏறும்வரை
நான் எச்.ஐ.வி. பற்றிப் பேசலாம்.

துண்டுப்பிரசுரத்தில் 'ஆணுறை' என்றிருந்தது.
தலையணைக்கா அக்கா, என்றாள் ஒருத்தி.
சிரிப்பு அடங்க மூன்று நிமிடம் போனது.
மிச்சத்தில் கேட்டேன்:
இடுப்பில் படங்கு கட்டாமல் மலைக்கு இறங்குவீர்களா?
செடி கிழிக்கும், பனி நனைக்கும் என்று
யாராவது வந்து வகுப்பெடுத்தார்களா உங்களுக்கு?
அன்றிலிருந்து மேல் பிரிவில் அதன் பெயர்
படங்கு.

பிள்ளைக்காம்பராவின் பின்சுவரில் பெட்டி தொங்கவிட்டேன்.
யாரும் அதைத் தொட்டதை யாரும் பார்த்ததில்லை.
கொழும்புக் கடைப் பையன்கள் தீபாவளிக்கு வந்திறங்கிய வாரம்
மூன்று முறை நிரப்பினேன்.
இரண்டைச் சின்னதுகள் ஊதிப் பறக்கவிட்டதற்கு
தலைவர் வீட்டு வாசலில் எனக்குப் பஞ்சாயத்து.

கேள்வி உண்டா என்றால்
எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள்.
பவளக்கொடி மட்டும் கேட்டாள்:
'அட்டை கடிச்சா வருமா?
ஒருத்தியக் கடிச்சது இன்னொருத்தியக் கடிச்சா?'

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
கொசு இருந்தது.
கைகுலுக்கல் இருந்தது.
நீச்சல் குளம்கூட இருந்தது.
நீச்சல் குளம்!
அட்டை இல்லை.
எழுதியவர் காலில் அட்டை ஏறியிருக்காது.

டாக்டரிடம் கேட்டு அடுத்த கிழமை சொன்னேன்: வராது.
அதற்கடுத்த கிழமையும் அதையே கேட்டாள்.
மூன்றாம் முறை,
மழைக்கு மடுவத்தில் ஒதுங்கி நின்று
கெண்டைக்காலில் சவுக்காரம் தேய்த்துக்கொண்டே கேட்டபோதுதான்
எனக்கு உறைத்தது.
அவள் அட்டையைப் பற்றிக் கேட்கவில்லை.
புருஷன் புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறான்.
ஆறு மாதமாய் இருமல்.
நாக்கெல்லாம் வெள்ளை.

ஒரு பேர் போனாலும் போகட்டும் என்று
நுவரெலியா பஸ் ஏறினோம்.
வழியெல்லாம் அவள் பேசியது
இந்த மாதப் பிடிகாசு பற்றி.

படிவம் சிங்களத்தில் இருந்தது.
கையெழுத்துக்கு இடம் காட்டியது ஒரு விரல்.
கொழுந்து நிறுக்கையில்
தராசு முள்ளைப் பார்க்காமல் ஒருநாளும் நகராதவள் அவள்.
'என்னா எழுதியிருக்குன்னு தெரியாம போடமாட்டேன்.'
தமிழ் தெரிந்தவர் அங்கே ஒரே ஆள்,
தரை துடைப்பவர்,
எங்கள் தோட்டத்துக்கு மருமகன்.
அவர் வாசித்தால் விளக்கு வைக்குமுன்
லயத்தின் பன்னிரண்டு கதவுக்கும் போய்ச் சேரும்.
நான் வாசித்தேன்,
எழுத்துக்கூட்டி, வியர்த்து,
சந்தையில் கற்ற சிங்களத்தில்.
பிறகு போட்டாள்,
பெயரின் ஆறு எழுத்தும் சிதையாமல்.

முடிவு என்ன என்று கேட்காதீர்கள்.
அது அவளுடைய தாள்.
நான்காய் மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.
இந்தக் கவிதைக்கும் அதில் பங்கில்லை.
பஸ் நிலையத்தில் ஆளுக்கு இரண்டு வடை தின்றோம்,
காசு அவள்தான் கொடுத்தாள், அவ்வளவுதான் சொல்வேன்.

அன்றிரவே எழுத உட்கார்ந்தேன்.
தமிழில் படிவம் வேண்டும்,
தோட்டத்தில் உறவில்லாத மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.
ஏழு கடிதம்.
ஒன்றுக்குப் பதில் வந்தது,
சிங்களத்தில்.

எட்டாம் மாதம் ஒரு பொதி வந்தது.
தமிழ்ப் படிவம்,
கூடவே புதிதாய் அச்சடித்த அதே பிரசுரம்.
படிவத்தில் குருதி 'குறுதி' ஆகியிருந்தது.
பரிசோதனை 'பரிசேதனை'.
இரகசியத்தில் ஓர் எழுத்தைக் காணோம்.
மொழிபெயர்ப்பாளரையும் காணோம்;
அதற்கு எட்டாவது கடிதம்.

சிவப்புப் பேனாவை எடுத்து
முதலில் இரகசியத்தைச் சரிசெய்தேன்.
பிறகு பிரசுரங்களை ஒவ்வொன்றாய் விரித்து
நீச்சல் குளத்தை வெட்டிவிட்டு
மேலே எழுதிக்கொண்டே போனேன்,
கை கடுக்கும்வரை:
அட்டை கடித்தால் வராது.