பிற ஆதரவு இருப்பின் குறிப்பிடுக

விண்ணப்பம் நள்ளிரவில் மூடும்.
எங்கள் நள்ளிரவு அல்ல,
பனி பெய்யும் ஏதோ ஒரு நகரத்தின் நள்ளிரவு.
அது எனக்கு முன்னா பின்னா என்று
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது
மங்கோச்சியில் மின்சாரம் போனது.
மடிக்கணினியில் முப்பத்தொரு சதவீதம்.

கேள்வி நான்கு.
முனைவர் பட்டம் பெற்று ஐந்தாண்டு தாண்டாதவரா?
தாண்டவில்லை, இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.
ஓராண்டை மகன் எடுத்துக்கொண்டான்,
ஓராண்டைப் புயல்.
பாலம் போய், பாதையே ஆறாகிக் கிடந்தது.
அவற்றைக் கழித்துக்கொள்ளலாமா என்று
போன மாதம் எழுதிக் கேட்டேன்.
ஏதோ ஓர் இயந்திரம் நன்றி சொன்னது.

கேள்வி ஏழு.
ஆய்வின் முக்கியத்துவம், நூறு சொற்களுக்குள்.
ஏரிக்கரைப் பையன்கள் சிலர்
சிவப்பாகச் சிறுநீர் போனால்
ஆளாகிவிட்டோம் என்று பெருமைப்படுகிறார்கள்.
பெண்பிள்ளைகள் வெளியே சொல்வதில்லை.
நத்தையிலிருந்து நீருக்கு, நீரிலிருந்து தோலுக்கு,
புழு வரும் வழி தெரியும்.
மாத்திரையும் இருக்கிறது, மலிவுதான்.
விழுங்கிய பிள்ளைகளுக்கே
அடுத்த மழைக்குள் திரும்ப வருகிறதே, ஏன்?
அவ்வளவுதான் என் கேள்வி.
எழுதி முடித்தபோது ஒரு சொல் மிச்சமிருந்தது.
'ஐயா' என்று போடத் தோன்றியது.
போடவில்லை.

கேள்வி பதினொன்று. வரவுசெலவு.
சனிக்கிழமை போட்ட கூட்டல்
திங்களன்று பொய்.
குவாச்சா அதற்குள் ஒரு படி இறங்கியிருக்கும்.
போன தடவை ஜெனரேட்டருக்கு டீசல் கேட்டிருந்தேன்.
மதிப்பீட்டாளர் இரண்டு எழுதினார்:
டீசல் ஆய்வுச் செலவு ஆகாது.
மதிப்பீட்டாளர் மூன்று:
முன்தரவு போதாது.
கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்,
பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம்.

நவம்பரில் மூன்று நாள் இருட்டு.
உறைபெட்டிக் கதவில் எண்கள் ஏறின:
மைனஸ் எண்பது, அறுபத்தொன்று, நாற்பத்துநான்கு.
உள்ளே அறுநூற்று நாற்பது பிள்ளைகள்,
ஆளுக்கொரு குப்பி.
சம்பளம் வந்திருக்கவில்லை.
குப்பிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு
மீன் சந்தைக்கு ஓடினேன்.
அபிட்டி கசிம் பிளாண்டையர் லாரியில்
சம்போ ஏற்றிக்கொண்டிருந்தாள், ஐஸ் அள்ளி அள்ளி.
ஐஸ் வெறும் பூஜ்ஜியம்.
அன்றைக்குப் பூஜ்ஜியமும் பெரிய தொகை.

என்ன இது, என்றாள்.
பிள்ளைகளின் மூத்திரம், என்றேன்.
லாரி ஓட்டுநர் காறித் துப்பினான்.
அவள் சிரித்துச் சிரித்து இருமினாள்.
பிறகு ஒரு பெட்டி மீனைத் தரையில் கவிழ்த்து
வந்த விலைக்கு அங்கேயே கூவி விற்றாள்.
நட்டம் எவ்வளவு என்று சொல்லவில்லை.
ஒன்று மட்டும் கேட்டாள்:
என் சைனபு இதில் இருக்கிறாளா?
பெயர் கிடையாது, எண்தான், என்றேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
சரி, எண்ணைக் குளிராக வை, என்றாள்.

விடியும்முன் ஆஸ்பத்திரி உறைபெட்டியில் சேர்ந்தன
ஐந்நூற்று எண்பத்தெட்டு.
வழியில் கெட்டவை, உடைந்தவை ஐம்பத்திரண்டு.
இருநூற்றுப் பன்னிரண்டு
அந்த ஐம்பத்திரண்டில்.
அபிட்டியிடம் இன்னும் சொல்லவில்லை.
சந்தைக்குப் போவதானால் பின்வழியாகப் போகிறேன்.

கேள்வி பதினேழு. பதினொரு சதவீதம்.
பிற ஆதரவு இருப்பின் குறிப்பிடுக:
அமைப்பு, காலம், தொகை.
அபிட்டி கசிம், மீன் வியாபாரி.
ஓர் இரவு.
தொகைக் கட்டத்தில்
ஒரு பெட்டி சம்போ என்று அடித்தேன்.
கட்டம் சிவந்தது. எண்கள் மட்டும், என்றது.

வெளியே உசிப்பா பிடிக்கும் படகுகள்
விளக்கோடு ஏரியில் இறங்கிக்கொண்டிருந்தன.

இருநூற்றுப் பன்னிரண்டு, என்று அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது.
எந்த நாணயம்? என்றது.