குறிப்பு என்ற பத்தி

இரவு பதினொன்றரை.
மட்டக்குளி வந்துவிட்டது. பொரளை வந்துவிட்டது.
கிருலப்பனை மட்டும் அறுபத்திரண்டு வீதத்தில்
மூச்சு வாங்குகிறது. அங்கே மழையாம்.

ஒரு மரமும் இல்லாத ஒழுங்கைகளின் சோலைவரி
மூன்று கந்தோர்களிலிருந்து
ஒரே கிடங்குக்குள் இறங்குகிறது.

மட்டக்குளியில் ஜெஸீமா,
பொரளையில் ஜசிமா,
கிருலப்பனையில் வெறும் எம். என். ஜே.
பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஒரு 'வீ'யும்,
புதியதில் பன்னிரண்டு.
மூவரையும் ஒருத்தியாக்கினேன்.
பாக்கி மட்டும் ஒன்றாகவில்லை,
கூடிற்று.

பிறகு மட்டக்குளியின் கடைசிப் பத்தி: குறிப்பு.
றொசைரோ பதினெட்டு வருடம் தட்டி வைத்தது.

'காலையில் போகவேண்டாம், ஆஸ்பத்திரியில் நைட் வேலை.'
'நாயைக் கட்டமாட்டார்கள்.'
'மகன் டோஹாவிலிருந்து அனுப்பினால் கட்டுவா.
அனுப்புவானா என்று கேட்கவேண்டாம்.'

மையத்தில் அப்படியொரு பத்தி இல்லை.
அட்டவணையை வரைந்தவன் நான்தான்.
பொருந்தாதவற்றை விட்டுவிடவா என்று
திரை கேட்கிறது, மிகப் பணிவாக.

றொசைரோவுக்குப் போன் எடுத்தேன்.
பாதித் தூக்கத்தில் எல்லாம் கேட்டுவிட்டு
கொஞ்ச நேரம் பேசவில்லை.
'அப்ப, நாயும் போகுதா தம்பி?'

கிருலப்பனை
அறுபத்துமூன்று.