பாக்கிச் சில்லறை

இன்று யாருக்குமே வண்டி கிடையாது
என்பதில் அவருக்கு ஒரு சின்ன ஆறுதல்.
வாரம் முழுக்க வீட்டில் இருந்தவர்
ஞாயிற்றுக்கிழமையாவது எல்லோரோடும் சேர்ந்து இருக்கிறார்.
ஆனாலும் நாலரைக்கு விழிப்பு.
இருபத்தோரு வருஷமாக
கடலூர் - பாண்டி கண்டக்டர் தேவநாதனின் உடம்புக்கு
ஊரடங்கு என்றால் என்னவென்று தெரியாது.

புதுப்பாளையம் முழுக்கப் பனி.
எதிர்வீட்டு ஸ்கூட்டி
ஈரத் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்கிறது.
பத்து மணிக்கும் என் கோலத்தின் மேல்
ஒரு டயர் தடம் இல்லை.
"எவனும் மிதிக்கல பாரு" என்றார்,
எனக்கு ஏதோ பரிசு விழுந்த மாதிரி.
கேட்டில் ஒட்டிய நோட்டீசைப் பற்றி
இரண்டு பேரும் பேசவில்லை.

காணும் பொங்கல்.
சில்வர் பீச்சுக்குப் புளிச்சோறு கட்டும் நாள்.
கடற்கரைக்குத் தடுப்பு வைத்துவிட்டார்கள்.
ஆத்துத் திருவிழாவும் இல்லையாம்.
கார்த்திகையில் கரையை உடைத்துக்கொண்டு
தெருத் தெருவாகப் புகுந்த பெண்ணையாறு
தையில் பூனை மாதிரிப் படுத்திருக்கிறது,
பார்க்கத்தான் ஆளில்லை.

உள்ளறையில் சர்வேஷ். பத்தாவது.
இன்றோடு ஐந்து நாள்.
சாத்திய கதவு, வெளியே முக்காலி,
முக்காலியில் தட்டு.
அவன் பேச்சு 'ம்', 'வேணாம்', அவ்வளவுதான்.
எதைத் தின்றாலும் அட்டை மாதிரி இருக்கு என்று
வியாழக்கிழமை சொன்னதுதான் கடைசி நீளமான வாக்கியம்.
வறட்டு இருமலா, சளி இருமலா,
அரிசி வெந்ததைச் சத்தத்திலேயே சொல்வதுபோல
இப்போது என்னால் சொல்ல முடியும்.

மிதுனா அப்பாவின் தோல்பையை மாட்டிக்கொண்டாள்.
முழங்காலுக்குக் கீழே தொங்கியது.
விசிலை வாயில் வைக்க நான் விடவில்லை,
சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன்.
கழுவிய விசில்
முதல் மூன்று தடவை
சத்தம் வராமல் குமிழி விட்டது.

பாய்தான் வண்டி.
டிரைவர் சீட்டில் அப்பா,
சம்பளம் இல்லாத பதவி உயர்வு.
மொச்சை உரித்துக்கொண்டு
நான் ஒரே பயணி.
அடுப்படி மஞ்சக்குப்பம்,
தண்ணீர்க் குடம் ஆல்பேட்டை,
துணி காயும் நடை ரெட்டிச்சாவடி.
"கங்கணாங்குப்பத்த விட்டுட்டியே."
"அங்க யாரும் எறங்கல, நீ ஓட்டு."
இது யார் குரல் என்று தெரிந்து
டிரைவர் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

கதவடியில் வண்டி நின்றது.
முள்ளோடை, செக்போஸ்ட்.
அந்தப் பக்கம் போகக் கூடாது.
ஒரு டிக்கெட்டைக் கிழித்துக்
கதவுக்கு அடியில் தள்ளினாள்.
"பாண்டி ஒண்ணு. காசு எடு."

கட்டில் ஒரு தரம் முனகியது.
பிறகு ஒன்றுமில்லை.
மொச்சைத் தோலில் என் நகம் நின்றது.
டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை.

டிக்கெட் திரும்பி வந்தது.
முதுகில் பேனாவால்,
அப்பா எழுதும் அதே சாய்வில்:
பாக்கி 480.

"ஐநூறு குடுத்தேன். சில்லறை எங்க?"
கரகரத்த குரல்தான், ஆனால் அவன் குரல்.
"காலங்காத்தால ஐநூறு ரூபா நீட்டுனா
நான் எங்க போவேன்?" என்று கத்தினாள் கண்டக்டர்.
இவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுச் சிரித்ததில்
பாய் ரெட்டிச்சாவடிவரை சுருண்டது.

சில்லறைக்குப் பதில்
பிலோமினா அக்கா கேட்டில் மாட்டிவிட்டுப் போன
சுருளிக்கிழங்கு, வேகவைத்து, நான்கு.
முக்காலியில் வைத்துவிட்டு விலகி நின்றோம்.
கை மட்டும் வந்தது.
நகம் வளர்ந்திருந்தது.
கதவு சாத்தியது.

"உப்பு கம்மி."

கழுத்துச் செயின் பரிசாகக் கிடைத்தாலும்
நான் அப்படி ஓடியிருக்க மாட்டேன்.
ஜாடியைத் தூக்கிக்கொண்டு நடுவழியில் நின்றேன்.
"இன்னொரு தரம் சொல்லுடா."
"என்னம்மா?"
"உப்பு."

மதியம் பையை ஆணியில் மாட்டும்போது
உள்ளே மொச்சைத் தோல், ஒரு டிக்கெட்,
சோப்பு மணக்கும் விசில்.
கதவுக்குப் பின்னால் இருந்து கேட்டான்,
மீதி எப்போ தருவீங்க என்று.

"திரும்பு நடையில்" என்றார் இவர்.